வன உரிமைப் பட்டா, பட்டா அல்ல: கேரள எல்லை மலைகளில் பழங்குடி நிலச் சட்டம் இயங்கும் விதம்

கூடலூர், வால்பாறை, ஆனைகட்டி வட்டாரங்களில் "பழங்குடியினருக்கு வன உரிமைப் பட்டா வழங்கப்பட்டது" என்று அடிக்கடி செய்தி வருகிறது. அதைத் தொடர்ந்து குழப்பமும் வருகிறது. அந்தத் தாளைக் கொண்டுபோய் தாலுகா ஆபீசில் சிட்டா கேட்டால் இல்லை என்கிறார்கள். வங்கியில் அடமானம் வைக்க முடியவில்லை. பதியில், அதாவது பழங்குடி ஊரில், ஒரு வீட்டுக்கு மூன்று ஏக்கரும் பக்கத்து வீட்டுக்கு வெறும் பத்து சென்ட்டும் கிடைத்திருக்கிறது. அதே சமூகத்தைச் சேர்ந்த உறவினர் கேரளத்து அட்டப்பாடியில் இருந்தால் அவருக்குச் சட்டம் வேறு மாதிரிப் பேசுகிறது. இவற்றுக்கெல்லாம் காரணம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்குள்ளேயும் அதைச் சுற்றியுள்ள மாநிலச் சட்டங்களிலும் இருக்கிறது.

கொடுப்பதா, ஒப்புக்கொள்வதா

ரெவின்யூ பட்டா என்பது அரசு தன் நிலத்தை ஒருவருக்கு ஒப்படைத்ததற்கோ, அவர் அனுபவத்தில் உள்ள நிலத்தைத் தன் கணக்கில் ஏற்றதற்கோ உரிய சான்று. வன உரிமைச் சான்று வேறு வகையைச் சேர்ந்தது. "இந்த உரிமை ஏற்கெனவே உங்களுடையது, எழுதி வைக்காமல் விட்டது எங்கள் தவறு" என்று அரசு சொல்வதன் பெயர்தான் அது. சட்டத்தின் முகவுரையே பழங்குடிகளுக்கு நேர்ந்த வரலாற்று அநீதியைச் சரிசெய்வதாகச் சொல்கிறது.

அந்த அநீதி காகிதத்தில்தான் தொடங்கியது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி, ஒரு காட்டை ஒதுக்குக் காடாக்கப் போவதாக 4-ஆம் பிரிவில் அறிவிப்பு வரும். அங்கே உரிமை இருப்பவர்கள் கெடுவுக்குள் நிர்ணய அதிகாரியிடம் மனு செய்ய வேண்டும். செய்யாதவர் உரிமை அழிந்துபோகும். பிறகு 16-ஆம் பிரிவில் காடு ஒதுக்குக் காடாகிவிடும். எழுத்தறியாத, தாலுகா தலைநகரிலிருந்து இரண்டு நாள் நடை தொலைவில் இருந்த ஊர்களுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புவது கடினம். ஆக, சொந்தக் காட்டிலேயே ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள்.

இது நம் மலைகளுக்கு மட்டும் உரிய கதை இல்லை. வெள்ளையர் வருமுன் இந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்ற வாதத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல் மாபோ வழக்கில் தள்ளுபடி செய்தது. பூர்வகுடி உரிமை அரசுக்கு முந்தியது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இந்தியா 1958-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதற்குப் பின் வந்த, இன்னும் வலுவான 169-ஐ ஏற்கவில்லை. ஆகவே இங்கே வழக்காட ஆயுதம் உள்நாட்டுச் சட்டம்தான்.

யார், எந்த நிலம், எந்தத் தேதி

1. பட்டியல் பழங்குடியினர்: காட்டில் வசிப்பவராகவும் வாழ்வாதாரத்துக்குக் காட்டை நம்பியவராகவும் இருக்க வேண்டும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலம் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும்.

2. மரபுவழிப் பிற வனவாசிகள்: பட்டியலில் இல்லாதவர்கள். முதுமலைப் பக்கத்து மவுண்டாடன் செட்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வசித்ததைக் காட்ட வேண்டும். 75 ஆண்டு என்பது வசிப்புக்கான கணக்கு. கோரும் வயலையே 75 ஆண்டு உழுதிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நிலத்துக்கு 2005 டிசம்பர் 13 போதும். இந்த இரண்டையும் கலந்து மனுக்களைத் தள்ளுவது பரவலாக நடக்கும் பிழை.

3. நிலம்: ஒதுக்குக் காடு, காப்புக் காடு, வகைப்படுத்தாத காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, காடாகக் கருதப்படும் நிலம் எல்லாம் அடக்கம். புலிகள் காப்பகம் என்பதால் சட்டம் செல்லாது என்று சொல்லப்படுவது தவறு.

4. அளவு: தனிநபர் உரிமைக்கு உச்சவரம்பு 4 ஹெக்டேர், ஏறக்குறைய 10 ஏக்கர். ஒவ்வொருவருக்கும் 10 ஏக்கர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உண்மையில் அனுபவத்தில் இருந்த பரப்பு எவ்வளவோ அவ்வளவு.

5. தன்மை: வாரிசுக்குப் போகும்; விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் பதிய வேண்டும். அடமானம் எடுபடாததன் காரணம் இதுதான். வங்கி ஏலம் விட முடியாத நிலத்தைப் பிணையாக எடுக்காது.

எல்லைக்கோடு செய்யும் வேலை

சட்டம் மத்திய அரசினுடையது. பழங்குடிப் பட்டியலோ மாநில வாரியானது. வன உரிமைச் சட்டமும் "எந்தப் பகுதியில் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டுள்ளனரோ அங்கே" என்றே சொல்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் குரும்பர் என்ற பெயர் நீலகிரி மாவட்டம் என்ற அடைப்புக்குறியோடு இருக்கிறது. மாவட்டம் தாண்டினால் அதே குடும்பம் சட்டத்தின் கண்ணில் வேறு ஆளாகிவிடும்.

குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்ற தனிப்பிரிவில் இந்த விசித்திரம் இன்னும் கூடுதல். தமிழ்நாட்டில் அந்தப் பிரிவில் ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். கேரளத்தில் ஐந்து: சோலநாயக்கர், காடர், காட்டுநாயக்கர், குரும்பர், கொரகர். ஆக, கூடலூர்ப் பணியர் இந்தப் பிரிவில் உண்டு, வயநாட்டுப் பணியர் இல்லை. ஆனைகட்டி இருளர் உண்டு, மலைக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடி இருளர் இல்லை. கேரளத்துப் பரம்பிக்குளம் காடர் உண்டு, தமிழ்நாட்டு டாப்சிலிப் காடர் இல்லை.

இந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கு வாழிட உரிமை என்ற ஒன்று சட்டத்தின் 3(1)(இ) பிரிவில் கிடைக்கிறது. பாறை, நீர்நிலை, தெய்வ இடம், கிழங்கு தோண்டும் இடம் என்று ஒரு சமூகத்தின் முழு வாழ்விடத்தையும் அது தழுவும். அப்படியானால் டாப்சிலிப் காடருக்கு வழியே இல்லையா? அதே பிரிவு "வேளாண்மைக்கு முந்தைய சமூகங்கள்" என்றும் சேர்த்துச் சொல்கிறது. தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த சமூகம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மனு செய்ய இடமிருக்கிறது. பயன்படுத்தப்படாமல் கிடக்கும் வாசல் அது.

மாநிலச் சட்டங்களிலும் வித்தியாசம் உண்டு. ஆந்திரத்தைப் போல, பழங்குடிகளுக்கு அரசமைப்புச் சட்டம் தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டிலும் இல்லை, கேரளத்திலும் இல்லை. ஆந்திரத்தின் அத்தகைய பகுதிகளில் அரசு நிலத்தைக்கூடப் பழங்குடி அல்லாதோரின் சுரங்கத்துக்குக் குத்தகை விட முடியாது என்று 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. பறிபோன பழங்குடி நிலத்தை மீட்கக் கேரளம் 1975-இல் ஒரு சட்டம் போட்டு, அதை நிறைவேற்றாமல் இழுத்தடித்து, 1999-இல் வேறு சட்டம் கொண்டுவந்தது. 1960 தொடங்கி 1986 ஜனவரி வரை கைமாறிய விவசாய நிலத்தில் 2 ஹெக்டேர் வரை வாங்கியவரிடமே இருக்கும், பழங்குடிக்கு மாற்று நிலம் என்பது அதன் ஏற்பாடு. அட்டப்பாடிக்காரர்களின் கோபத்துக்கு அடிப்படை இதுதான். தமிழ்நாட்டிலோ நிலம் கைமாறுவதைத் தடுக்கத் தனிச் சட்டமே கிடையாது. வருவாய்த்துறை நிலையாணைகளும் அரசாணைகளும்தான்.

மரபு எல்லை மாநில எல்லையைக் கடந்தால் என்ன செய்வது? பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். ஆனால் வண்டிப்பாதை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான். காடர்களின் தேன்மரங்கள் சர்வே கல்லைப் பார்த்து வளர்ந்தவையல்ல. இரண்டு மாவட்டங்களில் பரவும் கோரிக்கையை மாவட்டக் குழுக்கள் பேசித் தீர்க்க விதி இருக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கு அப்படித் தனி நடைமுறை வகுக்கப்படவில்லை. அதனால் வரைபடத்தை மாநிலக் கோட்டில் வெட்டி, இரு பக்கமும் தனித்தனி மனு போடுவதுதான் நடைமுறையில் ஓடும் வழி.

கூடலூரின் ஜென்ம நிலச் சிக்கல்

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு முடிச்சு. இங்கே பெருமளவு நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தது. 1969-ஆம் ஆண்டின் ஜென்ம ஒழிப்புச் சட்டம் 1974 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அவற்றை அரசுடைமையாக்கியது. குத்தகைத் தோட்டங்கள் தொடர்பான 17-ஆம் பிரிவு நிலங்கள் இன்னமும் தீராத தகராறு. இந்தச் சின்ன மலைத் தாலுகாவின் நிலப் பூசலிலிருந்துதான் இந்தியாவின் இரண்டு பெரிய வழக்குகள் முளைத்தன: காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ளச் சொன்ன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு (1996 டிசம்பர் உத்தரவு), அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டங்களும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்ற கொயலோ வழக்கு (2007).

பழங்குடிக்கு இதில் என்ன? தகராறு முடியும்வரை நில உரிமை பேசக் கூடாது என்று அவர்களிடம் சொல்லப்படுவதுண்டு. வன உரிமைச் சட்டத்தின் "வன நிலம்" என்ற விளக்கம் விரிவானது. அரசு காடாகக் கருதும் நிலமும் அதற்குள் வரும். ஆக 17-ஆம் பிரிவு நிலத்தைக் காடு என்று சொல்லி ஒருவரைத் தடுத்தால், அதே காரணத்தால் அங்கே வன உரிமை மனுவும் செல்லும். காடு என்று சொல்லி வெளியேற்றுவது, காடு அல்ல என்று சொல்லி மனுவைத் தள்ளுவது, இரண்டையும் ஒரே நிலத்தில் செய்ய முடியாது.

கிராம சபை எது?

இந்தச் சட்டத்தில் மிகுதியாகச் சறுக்கும் இடம் இது. உரிமையை முதலில் தீர்மானிப்பது கிராம சபை. ஆகஸ்ட் 15-க்குப் பஞ்சாயத்தில் கூடுகிறதே, அதுவா? அந்தச் சபையில் தோட்டத் தொழிலாளர், வணிகர், வந்து குடியேறியோர் என ஆயிரக்கணக்கானோர் நடுவே பழங்குடி சிறுபான்மை. வால்பாறை, கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகள். ஓவேலி, தேவர்சோலை பேரூராட்சிகள். அங்கே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படியான கிராம சபையே கிடையாது.

விடை வன உரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் இருக்கிறது. அறிவிக்கப்பட்டதோ இல்லையோ, வன கிராமம், பழைய குடியிருப்பு, அளவை செய்யாத ஊர் எல்லாமே இச்சட்டத்துக்குக் "கிராமம்". ஆகப் பதியோ, பாடியோ, குடியோ, செட்டில்மென்ட்டோ, அந்த ஊரின் வயது வந்தோர் எல்லாரும் சேர்ந்த கூட்டமே சபை. கேரளத்தில் இதற்கு ஊருகூட்டம் என்று வழக்கில் உள்ள பெயரே உதவியாக இருக்கிறது. வனத்துறை அமைத்த கிராம வனக் குழுவோ, சூழல் மேம்பாட்டுக் குழுவோ இந்தச் சபை ஆகாது. அவற்றின் தீர்மானத்தை இணைத்த மனு பிற்பாடு விழும்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, 2012 திருத்தத்துக்குப் பின் இப்படி: மொத்த உறுப்பினரில் பாதி, வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், உரிமைக் கோரிக்கை மீதான தீர்மானமென்றால் கோரியவர்களில் பாதிப் பேராவது, அல்லது அவர்கள் பிரதிநிதிகளாவது. 80 பேர் உள்ள பதியில் 24 பேர் மனு செய்திருந்தால் 40 பேர் வர வேண்டும், அதில் 14 பெண்கள், மனு செய்தவர்களில் 12 பேர். இந்த மூன்று எண்ணும் மினிட் புத்தகத்தில் தனித்தனியாக, கையெழுத்தோ கைநாட்டோடு இருக்க வேண்டும். "பெரும்பான்மையோர் கலந்துகொண்டனர்" என்று எழுதினால் போதாது.

மனு நடக்கும் வழி

1. சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 12 பேர் என்றால் 8 பழங்குடியினர், 4 பெண்கள்.

2. சபை கோரிக்கைகளை அழைக்கிறது. மூன்று மாதம், தேவையானால் நீட்டிக்கலாம். தனிநபருக்குப் படிவம் ஏ, சமூக உரிமைக்குப் பி, சமூக வன வளத்துக்கு சி.

3. ஒவ்வொரு மனுவுக்கும் விதி 13 சொல்லும் சான்றுகளில் குறைந்தது இரண்டு. ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்தால் இரண்டு கணக்குச் சரிதான். ஆனால் அவை ஆள் அங்கே இருந்ததைக் காட்டுமே தவிர நிலத்தைக் காட்டாது. வீட்டுத் தரை, வரப்பு, கிணறு, மேடை திருத்திய நிலம், இடுகாட்டுக் கல், தெய்வ இடம், வம்சாவளி, மூத்தோர் வாக்குமூலம் இவற்றில் ஒன்றாவது சேர வேண்டும். வாக்குமூலம் தருபவர் மனுதாரராக இருக்கக் கூடாது. ஊரில் எல்லா மூத்தோரும் மனு செய்திருந்தால் பக்கத்துப் பதி மூத்தவரை நாடுவது பாதுகாப்பு.

4. குழு மனுதாரருக்கும் வனத்துறைக்கும் எழுத்தில் தகவல் தந்து களத்தைப் பார்க்கிறது. தகவல் பெற்றதற்கான ஒப்புகையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால் மனு சபைக்குத் திரும்பும். மறுபடியும் வராவிட்டால் சபையின் கள முடிவே இறுதி. ஒப்புகை இல்லாவிட்டால் இந்தப் பிடி நழுவிவிடும்.

5. சபை தீர்மானம் போட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. ஒவ்வொரு படியிலும் முறையீட்டுக்கு 60 நாள். மாவட்டக் குழு முடிவு இறுதி. அதற்கு மேல் உயர் நீதிமன்ற ரிட் மனுதான்.

தமிழ்நாட்டில் இந்த வழி நெடுநாள் பாதியிலேயே நின்றது. சான்று வழங்குமுன் நீதிமன்ற ஒப்புதல் வேண்டும் என்று 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வழங்கல் நகர்ந்தது.

மனுக்கள் விழும் காரணங்கள்

சாட்டிலைட் படத்தில் பயிர் தெரியவில்லை என்பது அடிக்கடி வரும் காரணம். நிழல் மரத்தடியில் மிளகும் காபியும் வைத்த நிலம் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். விதி 12அ தெளிவு: சாட்டிலைட் படம் பிற சான்றுக்குத் துணையே தவிர அதற்குப் பதிலி ஆகாது, குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டுமென்று குழுக்கள் பிடிவாதம் பிடிக்கவும் கூடாது.

அடுத்தது பரப்பைக் குறைப்பது. மூன்று ஏக்கர் கேட்டவருக்கு வீடு நிற்கும் பத்து சென்ட் மட்டும் வரும். சான்று கிடைத்த மகிழ்ச்சியில் யாரும் கேட்பதில்லை. சட்டப்படி இது பகுதி நிராகரிப்பு. திருத்தமோ நிராகரிப்போ, காரணம் விளக்கிய எழுத்து உத்தரவு தர வேண்டும். அது கையில் சேர்ந்த நாளிலிருந்து 60 நாள் கணக்கு ஓடும்.

யாரும் கேட்காத பெரிய உரிமை

செய்தியில் படம் வருவது தனிநபர் சான்றுக்கு. சட்டத்தின் உண்மையான வலுவோ 3(1)(ஐ) பிரிவில், சமூக வன வள உரிமையில் இருக்கிறது. மரபு எல்லைக்குள் உள்ள காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே அதிகாரம். இதற்கு 4 ஹெக்டேர் வரம்பு கிடையாது. கேரளத்தின் வாழச்சாலில் ஒன்பது காடர் ஊர்கள் 2014-இல் இதைப் பெற்றன. தழுவும் காடு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர்.

தேன், மெழுகு, கடுக்காய், நெல்லி, சீயக்காய், மூங்கில், பிரம்பு ஆகிய சிறு வனப்பொருள்களின் உடைமை உரிமை தனியே 3(1)(சி)-யில் உண்டு. மூங்கிலும் இதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. போக்குவரத்து அனுமதிச் சீட்டையும் சபையின் குழுவே தரலாம். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்ட நேர்ந்தால் சபைப் பரிந்துரையின் பேரில் 3(2) பிரிவுப்படி நிலம் ஒதுக்கலாம். செட்டில்மென்ட்டுக்கு ரோடு கேட்டால் "ஃபாரஸ்ட் கிளியரன்ஸ் டெல்லியிலிருந்து வர வேண்டும்" என்று கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பிரிவை எண்ணோடு குறிப்பிட்டு மனு எழுதுவது நல்லது.

படிவம் சி வரைபடத்தில் பக்கத்து ஊர் சபையின் ஒப்புதல் முக்கியம். மரபு எல்லை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரு குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்க்க விதி சொல்கிறது. மாவட்டக் குழுவுக்கும் ஒரு கடமை உண்டு: வனவாசிகள் உள்ள ஓர் ஊருக்குச் சமூக வன வள உரிமை வழங்கப்படாவிட்டால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும்.

வெளியேற்றம் குறித்து

உரிமை அங்கீகார நடைமுறை முடியும்வரை வனவாசிகளை வெளியேற்றக் கூடாது என்பது 4(5) பிரிவு. 2019 பிப்ரவரி 13-இல் மனு நிராகரிக்கப்பட்டோரை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், பிப்ரவரி 28-இலேயே அதை நிறுத்தி வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். முதல் உத்தரவை மட்டும் காட்டி மிரட்டுவது இன்றும் நடக்கிறது. புலிகள் காப்பகத்திலிருந்து இடமாற்றம் என்றால் தன்விருப்பமும் சபையின் ஒப்புதலும் வேண்டும். பணத் தொகுப்பு 2021 முதல் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். பழங்குடியின் வன உரிமையில் குறுக்கிடுவது 2016 ஜனவரி முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படிக் குற்றமும்கூட.

சான்று வந்த பிறகு

சான்றில் மூன்று கையெழுத்து இருக்க வேண்டும்: மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நல அலுவலர், ஆட்சியர். மனைவி பெயர் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து எல்லை விவரம். பரப்பும் காட்டுப் பகுதி எண்ணும் மட்டும் எழுதி, ஓடை, பாறை, பாதை போன்ற எல்லைக் குறிகளை விட்டுவிட்டால் பிற்பாடு வேலித் தகராறில் அந்தச் சான்று உதவாது. இறுதி வரைபடம் தயாரித்து, வருவாய், வன ஆவணங்கள் இரண்டிலும் உரிமையை மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது விதி 12அ. அது நடக்காததால்தான் தாலுகா ஆபீசில் சிட்டா இல்லை என்ற பதில் வருகிறது. சான்று நகலையும் விதி எண்ணையும் வைத்து ஆட்சியருக்கு ஒரு மனு, அதன் நகல் வட்டாட்சியருக்கும் வனச்சரகருக்கும். இரண்டு இடத்திலும் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.